இருபத்திரண்டு நிமிஷப் பாட்டு

மணியைக் கொஞ்சம் மெதுவாக அடியுங்கள் என்று கோயில் உபதேசியார் ரோச்சிடம் சொல்லிவிடலாமா என்று அல்போன்சா தெரு நெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். வாய் வரவில்லை. சாகக் கிடக்கிறவருக்குச் சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், எடுத்துப் போகும்போது முன்னால் ஒருவர் மணியடித்துக்கொண்டு போவது வழக்கம். ரோச் முப்பது வருஷமாக அடிக்கிறார். அவர் கையில் மணி மெதுவாக அசைந்ததாகச் சரித்திரம் இல்லை. செத்துப்போகிறவர் நாலு தெரு தள்ளி இருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

இன்றைக்கு அந்தக் கேலிக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. மணிச்சத்தம் அண்ணன் ஹென்றியின் காதில் முன்கூட்டியே விழுந்துவிட்டால் அவன் வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிடுவான். காவலுக்கு இருக்கும் பக்கத்து வீட்டு மரியசெல்வி பயந்தவள். யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவாள்.

ஜேசுபாதம் சாமியார் நற்கருணையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து, வெள்ளை அங்கி தரையில் புரள நடந்துவந்தார். அல்போன்சா அவர் தலைக்கு மேல் குடை பிடித்திருந்தாள். மூன்றரை மணி வெயில். கடற்கரை ரோட்டில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து முழந்தாளிட்டார்கள். குழாயடியில் குடங்கள் வரிசையை விட்டுப் பெண்கள் முழந்தாளிட்டார்கள். தலை குனிந்தவர்கள் எல்லாம் கடைக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். ஹென்றிக்கா? அந்த ஹென்றி சாமியாரை வீட்டுக்குள் விடுவானா?

அதுதான் அவளுடைய பயமும். அண்ணன் பிழைக்கமாட்டான் என்பது காலையில் டாக்டர் வந்தபோதே தெரிந்துவிட்டது. இருதயம் வீங்கிவிட்டது, காலும் வீங்கிவிட்டது, பொழுது சாய்வதற்குள் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் பையை மூடினார். அதற்கு அவள் அழுது முடித்துவிட்டாள். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லாமல், சாகுமுன் தைலம் பூசும் அவஸ்தைப் பூசுதல் இல்லாமல் அவன் போய்விடுவானோ என்பதுதான் இப்போது அவளை ஆட்டுவித்தது.

அவளுடைய அப்பா அப்படித்தான் போனார். சங்கு குளிக்கப் போனவர் கீழவைப்பாருக்கு நேரே இறங்கி, மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கினார். ஒரு சொட்டு தைலம் இல்லை, ஒரு வார்த்தை மந்திரம் இல்லை. அம்மா அதற்குப் பிறகு இருந்த பன்னிரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள். “மனுசன் எந்த வேதனையில கெடக்காரோ” என்பதே அவளுடைய காலை வணக்கமும் இரவு வணக்கமும். கடைசியில் அல்போன்சாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, “ஹென்றிய அப்படி விட்ராதளா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். நகம் பதிந்த இடம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை.

ஹென்றிக்கும் சாமியாருக்கும் நடந்தது ஊருக்கே தெரியும். ஹென்றி கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்தவன். மற்றவர்கள் சீமையிலிருந்து நைலான் சேலையும் சென்ட்டும் கொண்டுவந்தால் இவன் ரெக்கார்டு கொண்டுவருவான். எல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு. அதிலும் கல்யாண வீட்டில் போட்டு ஆடக்கூடிய பாட்டு ஒன்றுகூட இல்லை. நெஞ்சுவலி வந்து கப்பலை விட்டு இறங்கியதும் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் வேலை அவன் கைக்கு வந்தது. நன்றாகத்தான் வாசித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் திருவிழாப் பூசையில், எல்லாரும் நன்மை வாங்கி முடித்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. தெரிந்த பாட்டாகத்தான் தொடங்கினான். அது எங்கோ போய், ஓங்கி, அடங்கி, தாளம் மாறி, மறுபடி ஓங்கியது. பீடத்தில் சாமியார் கடைசிச் செபத்தைச் சொல்ல முடியாமல் நின்றார். பத்து நிமிஷம் பொறுத்தார். பிறகு பூசை உடுப்போடு மாடிப்படி ஏறிப்போய் ஆர்கனின் மூடியைச் சாத்தினார். விரலை எடுக்க மட்டும்தான் ஹென்றிக்கு நேரம் இருந்தது.

“பாட்டு முடியல சாமி” என்றான் ஹென்றி.

“பூசை முடிஞ்சிட்டு” என்றார் சாமியார்.

மாடியில் இருந்த பாடகர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஹென்றி அன்றைக்குப் படியிறங்கியவன் மறுபடி கோயில் வாசலை மிதிக்கவில்லை. சாமியாரும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் அல்ல.

வீட்டு வாசல் திறந்தே இருந்தது. மரியசெல்வி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள். ரோச் வாசலிலேயே நின்றுகொண்டார். அல்போன்சா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று கட்டிலில் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தொன்பது வயது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. பக்கத்தில் ஸ்டூல் மேல் ரெக்கார்டு பிளேயர். அது அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் எப்போதும் இருக்கும்.

சாமியார் நற்கருணையை மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணி மேல் வைத்து முழந்தாளிட்டு எழுந்தார்.

“எப்படி இருக்க, ஹென்றி?”

“இருக்கேன் சாமி. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. “உக்காருங்க.”

“பாவசங்கீர்த்தனம் பண்ணுதியா?”

அல்போன்சா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“பண்ணுதேன். ஒரு கண்டிசன்.”

“தேவதிரவிய அனுமானத்துக்கே, தெய்வச் சடங்குக்கே கண்டிசனா?”

“அன்னைக்கு மூடிய மூடுனீங்கல்லா.” அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். “இப்ப ஒரு பாட்டு கேளுங்க. முழுசும். நடுவுல எந்திரிக்கக் கூடாது, பூசக் கூடாது. முடிஞ்சதும் எல்லாத்தையும் சொல்லுதேன். ஒண்ண ஒளிக்கமாட்டேன்.”

சுய நினைவோடு இருக்கிறவன் வேண்டாம் என்றால் வலுக்கட்டாயமாகப் பூச முடியாது. சாமியாருக்கு அது தெரியும், ஹென்றிக்கும் தெரியும். சாமியார் அல்போன்சாவைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது.

“ஒரு பாட்டுதான? போடும்மா. முழுசும் கேக்கேன். வாக்கு.”

பாட்டு என்றால் மூன்று நிமிஷம். ரேடியோவில் போட்டாலும் மைக்செட்டில் போட்டாலும் மூன்று, மூன்றரை. தூத்துக்குடியில் யாருக்கும் அதற்கு மேல் ஒரு பாட்டு இருக்கமுடியும் என்று தோன்றியிருக்காது. ஆனால் அண்ணன் விரல் காட்டிய ரெக்கார்டு அட்டையைப் பார்த்ததும் அல்போன்சாவுக்குப் புரிந்துவிட்டது. கடலுக்குள் ஒரு கல் படிக்கட்டு இறங்கிப் போகிற படம் போட்ட அட்டை. இரண்டு வருஷமாகக் காலைதோறும் தன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்கிற பாட்டு. மற்ற ரெக்கார்டுகளில் பாட்டுக்குப் பாட்டு நடுவே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். இதில் ஓரத்திலிருந்து நடுக் காகிதம் வரைக்கும் வளையமே கிடையாது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. இருபத்திரண்டு நிமிஷம்.

சொல்லிவிடலாமா? சொன்னால் சாமியார் எழுந்து போய்விடலாம். அல்லது பேரம் பேசுவார். பேரம் பேசினால் அண்ணன் கோபித்துக்கொள்வான், கோபித்தால் அந்த நெஞ்சு தாங்காது. சொல்லாவிட்டால் இருபத்திரண்டு நிமிஷம். சுவரில் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. அவள் முள்ளை எடுத்து வைத்தாள். முள் ஒரு தடவை சறுக்கிப் பிறகு பள்ளத்தில் இறங்கியது.

முதலில் காற்றுச் சத்தம். அதற்குள் ஒரு ஆர்கன் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வேறு ஒன்றும் இல்லை. சாமியார் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாயிற்று.

“எப்ப பாட ஆரம்பிப்பான்?” என்றார்.

“என்ன அவசரம்?” ஹென்றி கண்ணைத் திறக்காமல் சொன்னான். “பூசையில… எடுத்த எடுப்புலயே நன்மை குடுத்துருவீங்களா? மொதல்ல பாவத்துக்கு வருத்தப்படணும். வாசகம் படிக்கணும். அப்புறம் காணிக்க. அதது வரும்.”

அல்போன்சா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அண்ணனின் நகங்களைப் பார்த்தாள். காலையில் வெளுத்திருந்தவை இப்போது நீலமாகிக்கொண்டிருந்தன. பேசாதே என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பேசாமல் இருந்தால் உயிர் இருக்கிறதா என்று தெரியாதே என்றும் இருந்தது.

நாலாவது நிமிஷத்தில் தாளம் விழுந்தது. சாமியார் குருமடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். தன்னையறியாமல் ஒரு விரலால் முழங்காலில் தட்டினார். தட்டியது தாளத்தோடு சேரவில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும் இடறியது. புருவத்தைச் சுருக்கினார்.

“ஏழு, சாமி” என்றான் ஹென்றி. “நாலும் மூணும்.”

“எட்டா வச்சா என்ன கொள்ளை? ஒழுங்கா இருக்குமே.”

“எட்டுல… வந்து உக்காந்துருவோம். ஏழுல உக்கார எடம் கெடையாது. போய்க்கிட்டே இருக்கணும்.” அவன் சிரிக்கப் பார்த்தான். அது இருமலாக முடிந்தது. அல்போன்சா எழுந்து நெஞ்சைத் தடவினாள். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். துடைத்ததில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அதை அவள் உள்ளங்கையில் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

“அண்ணே, போதும். மிச்சத்தப் பெறகு கேப்போம்.”

“பெறகு எப்பளா?” என்றான் அவன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பது. சாயங்காலம் வழக்கமாகப் போகிற கரண்டு இன்றைக்குச் சீக்கிரம் போகக்கூடாதா என்று அந்தோனியாரிடம் கேட்டாள். கேட்ட மறுகணமே, போனால் பாட்டு பாதியில் நிற்குமே, கரண்டு வந்ததும் முதலிலிருந்து போடச் சொல்வானே என்று உறைத்தது. ஐயோ, போகக்கூடாது என்று அவசரமாக வேண்டுதலை மாற்றிக்கொண்டாள். அந்தோனியாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

இப்போது ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். உயர்ந்த, மெல்லிய குரல். ஆர்கன் அதன் அடியில் நகர்ந்தது. சாமியார் தலையைச் சாய்த்தார்.

“இதுல பழைய லத்தீன் பாட்டு வாடை அடிக்கே?”

“அடிக்காம? சின்னப்பிள்ளையில கோயில்ல பாடிக்கிட்டுக் கெடந்த பயக்கதான் எல்லாரும். பெறகு கித்தார எடுத்தானுவ. இதயும் விடல, அதயும் விடல.”

“இதுக்கு என்ன பேரு?”

“புரோகிரசிவ் ராக்.”

“அப்படின்னா?”

ஹென்றி மூச்சைச் சேர்த்துக்கொண்டான். பிறகு அவன் உதடு அசைந்தது. “மத்த ராக்கு ஆடுததுக்கு. இது ஆடுததுக்கு இல்ல, உக்காந்து கேக்கதுக்கு. ஒரு பாட்டுக்குள்ள… நாலு பாட்டு, அஞ்சு பாட்டு. தொடங்குன எடத்துலயே சுத்தாது. போவும். தொலஞ்சிட்டோம்னு நெனைக்கையில… வந்த வழிய காட்டும்.”

இதைச் சொன்னதில் அவனுக்கு இருந்த மூச்செல்லாம் செலவாகிவிட்டது. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு புடைத்து ஏறி இறங்கியது. அல்போன்சா சாமியாரைப் பார்த்தாள். சாமி, போதும் சாமி, பூசிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சாமியார் அவளைப் பார்த்தார், மேசை மேல் இருந்த தைலச் சிமிழைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது.

கித்தார் அலறியது. மேளம் தலைதெறிக்க ஓடியது. வாசலில் ரோச் எட்டிப்பார்த்து, “என்ன சாமி இது, கோட்டிபுடிச்ச சத்தம்!” என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போய், ஓர் உச்சியில் நின்று, பட்டென்று அறுந்தது.

அமைதி.

அல்போன்சாவுக்குத் தெரியும், இது முடிவு இல்லை. சாமியாருக்குத் தெரியாது. அவர் துள்ளி எழுந்தார். கழுத்தில் போடுகிற ஊதாப் பட்டையை எடுத்து முத்தமிட்டுப் போட்டுக்கொண்டார். ஹென்றியின் ஆள்காட்டி விரல் போர்வை மேலிருந்து உயர்ந்தது.

“இருங்க.”

“முடிஞ்சிட்டே!”

“நன்மையத் தூக்கிக் காட்டுத எழுந்தேற்றத்துக்கு மணியடிச்ச பெறகு… கோயில்ல ஒரு சத்தம் கேக்குமா சாமி? அப்பப் பூசை முடிஞ்சிட்டுன்னு… எந்திரிச்சிப் போயிருவோமா?”

சாமியார் நின்றபடியே நின்றார். பிறகு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அமைதியின் அடியில் ஏதோ இருந்தது. நாற்பது வயலின் எங்கோ தூரத்துக் கப்பலில் வாசிப்பதுபோல் ஒன்று கிளம்பி வந்தது.

“வயலின்” என்றார் சாமியார் மெதுவாக.

“வயலின் இல்ல. ஆர்கன் மாதிரி ஒரு பெட்டி. உள்ள டேப்பு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில… ஒரு துண்டு டேப்பு. அமுக்குனா ஓடும். எட்டு செகண்டுல தீந்துரும். கைய எடுத்துட்டு… திரும்ப அமுக்கணும்.” எலெக்ட்ரீசியனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். “எட்டு செகண்டுக்குள்ள அழ வச்சிரணும் பாத்துக்கிடுங்க.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. விரல் மட்டும் போர்வையில் எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று. அல்போன்சா இசையைக் கேட்பதை விட்டுவிட்டாள். அந்த விரலையே பார்த்தாள். ஊரில் பிரசவம் பார்த்திருக்கிறாள், பிணம் குளிப்பாட்டியிருக்கிறாள். இப்படி ஒரு பயத்தை அவள் பட்டதில்லை. கடிகாரம் மூன்று ஐம்பத்தேழு. இன்னும் ஐந்து நிமிஷம். அப்பா தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிஷம் இருந்திருப்பார்? கயிற்றை அசைத்திருப்பாரா? மேலே இருந்தவன் பார்க்காமல் விட்டுவிட்டானா? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு.

மூன்று வரவில்லை.

அவள் எழுந்ததோ கை நீட்டியதோ அவளுக்கு ஞாபகம் இல்லை. முள்ளைத் தூக்கிவிட்டாள். பாடிக்கொண்டிருந்த ஆர்கன் நடுச்சொல்லில் வாயைப் பொத்தினதுபோல் நின்றது.

“முடிஞ்சிட்டு சாமி” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “பாட்டு முடிஞ்சிட்டு. பூசுங்க.”

ஹென்றி கண்ணைத் திறந்தான்.

அந்தப் பாட்டில் அவனுக்குத் தெரியாத ஒரு நொடி கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த இடம் என்று சொல்வான். அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்ப்பான் என்று அவள் நினைத்தாள். முள்ளை வை என்பான், முதலிலிருந்து போடு என்பான், எல்லாம் பாழாய்ப் போயிற்று. அவன் அவளுடைய கையைப் பார்த்தான். முள்ளைப் பிடித்திருந்த கை கிடுகிடுவென்று ஆடியது. சின்ன வயதில் அப்பாவைக் கரையில் போட்டிருந்த அன்றைக்கு அவள் அப்படித்தான் ஆடிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து நின்றாள்.

“ஆமா சாமி” என்றான் ஹென்றி. “முடிஞ்சிட்டு.”

சாமியார் ரெக்கார்டை ஒரு தடவை பார்த்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக் காதை அவன் வாயருகே கொண்டுபோனார். அல்போன்சா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வாசலில் ரோச் நின்றிருந்தார். “ஒரு வழியா முடிஞ்சிட்டாக்கும்?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். சாகப்போகிறவனைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அதுவும் பாவசங்கீர்த்தனம் பண்ணப்போகிற நேரத்தில். அவனுக்குக் கிடைக்கப்போகிற மன்னிப்பு என் பொய்யின் மேல் நிற்குமா, நிற்காதா? யாரிடம் கேட்பது? பிள்ளைகளை மாப்பிள்ளையூரணியில் மாமியார் வீட்டில் விட்டிருக்கிறாள். புருஷன் செபாஸ்டின் தோணியில் கொழும்புக்குப் போயிருக்கிறான். கேட்க யாரும் இல்லை. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. கதவில் காதை வைக்கக்கூடாது, பெரிய பாவம். வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை.

“உள்ள வாம்மா” என்றார் சாமியார்.

நெற்றியில் பூசினார். இரண்டு உள்ளங்கைகளிலும் பூசினார். நகக்கண்ணில் எப்போதும் கரி இருந்த எலெக்ட்ரீசியன் கை. இப்போது மெழுகாக இருந்தது. நன்மையைக் கடுகளவு கிள்ளி ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுத்தார். அவன் தொண்டை அதை விழுங்குவதை அல்போன்சா கண் கொட்டாமல் பார்த்தாள். விழுங்கிவிட்டான். அம்மா, விழுங்கிவிட்டான் அம்மா. அவள் தரையில் தலை முட்ட விழுந்து அழுதாள். அத்தனை வருஷப் பயமும் அந்த அழுகையில் கழுவிக்கொண்டு போயிற்று.

சாமியார் பட்டையைக் கழற்றி மடித்தார். சிமிழை மூடினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை எடுக்க எழுந்தாள். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“மிச்சத்தப் போடு” என்றார்.

“சாமி?”

“நீ முள்ள எடுத்த எடத்தப் பாத்தேன். நடுவுக்குப் போக இன்னும் ரெண்டு வெரல் அகலம் கெடக்கு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்மா.”

“நாந்தான் சாமி. பயந்துட்டேன்.”

“நானும் பயந்துதான் போனேன். நீ எடுக்கலன்னா நான் எந்திரிச்சிருப்பேன்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “முழுசும் கேக்கேன்னு இவன்ட்ட வாக்குக் குடுத்துருக்கேன். ஒரு தடவ பாதியில நிறுத்துனது போதும். போடு.”

அவள் ஸ்டூலருகே போனாள். கட்டிலிலிருந்து காற்றுப்போல ஒரு குரல் வந்தது.

“கொஞ்சம்… முன்னாடி இருந்து.”

அல்போன்சா அழுகையோடு சிரித்துவிட்டாள். எடுத்த இடத்துக்குக் கொஞ்சம் வெளியே முள்ளை இறக்கினாள். அந்தத் தூரத்து வயலின்கள் மறுபடி வந்தன. அவற்றுக்கு அடியில் ஆர்கன் நகர்ந்தது. பிறகு, எல்லாவற்றுக்கும் முதலில் கேட்ட அதே பாட்டு, அந்த மெல்லிய குரலில் வந்தது, ஆனால் இப்போது மேளமும் கித்தாரும் ஆர்கனும் எல்லாம் சேர்ந்து, வீட்டுக் கூரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாகி வந்தது. இவ்வளவு நாள் சுவர் வழியாகக் கேட்டவளுக்கு அது இத்தனை பெரிது என்று தெரிந்ததில்லை.

அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதற்கு அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். அவன் மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. சாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்த்துவிட்டார். அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் முணுமுணுத்தன. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

ரெக்கார்டில் இன்னும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு பாக்கி இருந்தது. முள் அதைத் தின்றுகொண்டே நடுவை நோக்கிப் போனது. இவ்வளவு நேரமும் இது முடியாதோ என்று செத்துச் செத்துப் பிழைத்தவள், இப்போது முடிந்துவிடுமே என்று பயந்தாள். பாட்டு ஓடுகிறவரைக்கும் யாரும் எதுவும் செய்யவேண்டாம். தாடையைக் கட்டவேண்டாம், தந்தி கொடுக்கவேண்டாம், தெருவுக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழவேண்டாம். ஆர்கன் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரு, இரு என்று அவள் அதனிடம் சொன்னாள்.

“என்ன, மறுபடியுமா?” என்றபடி ரோச் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்டிலைப் பார்த்ததும் நின்றார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, மரித்தவர்களுக்கான செபத்தை எடுக்க வாயைத் திறந்தார்.

“இருங்க மாமா” என்றாள் அல்போன்சா. “இன்னும் முடியல.”

ரோச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் நிமிரவில்லை. ரோச் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.